மடித்த கோடு

நலக்காப்பு என்ற அந்தக் கருவி, அதைக் கையில் கட்டியவரின் மனநிலையை நாள் முழுக்க அளந்தது. அளந்த கையோடு பாதியை மறந்தது. அந்த மறதிக்காகத்தான் அரசு அதற்கு அனுமதி கொடுத்திருந்தது.

நாடித்துடிப்பு, வியர்வை, தோலின் வெப்பம், இரத்தத்தில் ஓடும் சில சுரப்புகள் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால், ஒரு மனிதர் தன் வழக்கமான நிலையிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறார் என்பதை ஒரே எண்ணாகச் சொல்லிவிட முடியும் என்று கண்டுபிடித்திருந்தார்கள். வழக்கமான நிலை பூஜ்யம். மகிழ்ச்சி அதற்கு மேலே, துயரம் அதற்குக் கீழே. பிள்ளைகள் வெளிநாட்டிலும் பெற்றோர் உள்ளூரிலுமாகப் பிரிந்து கிடந்த அந்தக் காலத்தில் இது பெரிய வரமாகத் தெரிந்தது. சிலருக்கு அப்படித் தெரியவில்லை. அவர்கள் நீதிமன்றத்துக்குப் போனார்கள். என் துக்கம் என் சொந்த விஷயம், அதை என் மகனுக்குக்கூடக் காட்டமாட்டேன் என்றார் ஒருவர். வழக்கு இழுத்தடித்துக் கடைசியில் ஒரு சமரசத்தில் முடிந்தது. ஒருவர் எவ்வளவு விலகியிருக்கிறார் என்பதை வெளியே சொல்லலாம். எந்தப் பக்கம் விலகியிருக்கிறார் என்பதைச் சொல்லக்கூடாது.

கணக்கில் இதற்கு மட்டு மதிப்பு என்று பெயர். எண்ணுக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு செங்குத்துக் கோடு போட்டால் போதும். மைனஸ் ஏழு உள்ளே போனால் ஏழு வெளியே வரும். ஏழு போனாலும் ஏழுதான் வரும். நலக்காப்புக்குள் இருந்த சில்லு இந்த வேலையை மணிக்கட்டிலேயே செய்து முடித்தது. பிளஸ்ஸா மைனஸா என்ற குறியை எங்கேயும் சேமித்து வைக்கவில்லை. காப்பைச் செய்த கம்பெனிக்கே அது தெரியாது.

இன்னொரு விதியும் இருந்தது. பார்ப்பவரும் பார்க்கப்பட வேண்டும். அப்பாவின் கோட்டைத் தன் போனில் பார்க்க விரும்பும் மகள், தானும் ஒரு காப்பைக் கட்டிக்கொண்டு தன் கோட்டை அப்பாவின் போனுக்கு அனுப்ப வேண்டும்.

ஜனங்கள் சீக்கிரம் பழகிக்கொண்டார்கள். பெரிய எண் என்றால் பெரிய சந்தோஷம் என்று எடுத்துக்கொள்வது எல்லோருக்கும் வசதியாக இருந்தது. விருதுநகரில் ஓர் அம்மாவின் எண் ஒன்பதைத் தொட்ட அன்று, சிங்கப்பூரில் அவருடைய பிள்ளைகள் கேக் வெட்டிப் படம் எடுத்து அனுப்பினார்கள். அந்த அம்மா அப்போது குளியலறையில் வழுக்கி விழுந்து, கதவைத் திறக்க ஆளில்லாமல் கிடந்தார். இந்த மாதிரிக் கதைகள் செய்தியில் வரும்போது, நம் வீட்டில் அப்படியில்லை என்று ஒவ்வொருவரும் சொல்லிக்கொண்டார்கள்.

கோமதிநாயகம் அந்தக் கம்பெனியின் திருநெல்வேலி அலுவலகத்தில் வாடிக்கையாளர் குறைகளைக் கேட்கும் பிரிவில் இருந்தான். நாற்பது வயது. எதையாவது விளக்கச் சொன்னால் சாப்பாட்டை மறந்துவிடும் சுபாவம். மனைவி இட்லி ஏன் கல்லாகிவிட்டது என்று அலுத்துக்கொண்டால்கூட, மாவு புளிப்பது எப்படி என்பதிலிருந்து ஆரம்பிப்பான். அவன் மேலதிகாரி அவனை வேலைக்கு வைத்ததும் அதற்காகத்தான், அடிக்கடி கண்டித்ததும் அதற்காகத்தான்.

அந்த ஆகஸ்டில் போன் செயலியைப் புதுப்பித்தார்கள். அதுவரை கோட்டில் எங்காவது கூர்மையான முனை வந்தால், வரைபடத்தை வடிவமைத்தவர்கள் அதைத் தேய்த்து வளைவாக்கிக் காட்டிக்கொண்டிருந்தார்கள். கூர்முனை பார்ப்பவரைப் பயமுறுத்தும் என்பது அவர்கள் எண்ணம். புதுச் செயலியின் எடையைக் குறைக்கிறேன் என்று யாரோ அந்தத் தேய்ப்பை எடுத்துவிட்டார். பழைய மாதங்களின் கோடுகளும் புதிதாக வரையப்பட்டன. காலையிலிருந்து அழைப்புகள் வந்துகொண்டேயிருந்தன. எல்லாருக்கும் ஒரே பதில் எழுதிக் கொடுக்கப்பட்டிருந்தது: கருவியில் பழுதில்லை, படத்தின் வடிவம் மாறியிருக்கிறது, நன்றி.

“சார், தூத்துக்குடியில எங்கப்பா கட்டியிருக்க காப்பு ரிப்பேர் போல. கோடு ஊசி மாதிரி குத்திக்கிட்டு நிக்கி. நான் ஹாலிஃபாக்ஸ்ல இருந்து பேசுதேன். கனடா.”

பெயர் ஜெசிந்தா. அப்பா சந்தியாகு, துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டி ஓய்வு பெற்றவர். அம்மா இறந்து மூன்று வருடம். விவரம் எல்லாம் திரையில் வந்தது. கோமதிநாயகம் எழுதிக் கொடுத்த பதிலைச் சொன்னான். நன்றி என்று முடிக்கும் முன் அவள் கேட்டாள்.

“அப்போ ஏன் சார் முனை எல்லாம் அடியில மட்டும் இருக்கு? மேல திரும்புற எடம் எல்லாம் வளைவாத்தான இருக்கு?”

அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். காலையிலிருந்து பேசிய யாரும் இதைக் கேட்கவில்லை.

“மேடம், பக்கத்துல பேப்பர் ஏதும் இருக்கா?”

“டிஷ்யூ பேப்பர்தான் இருக்கு.”

“அது இன்னும் விசேஷம். குறுக்க ஒரு கோடு போடுங்க. அதுதான் பூஜ்யம். இப்ப மேல இடது பக்கத்துல ஆரம்பிச்சு, அந்தக் கோட்டத் தாண்டிக் கீழ வலது பக்கம் வரைக்கும் சாய்வா ஒரு நேர்கோடு இழுங்க. இழுத்தாச்சா? இப்ப பூஜ்யக் கோட்டுல பேப்பர மடிச்சு, கீழ்ப்பாதிய மேல கொண்டாங்க.”

கொஞ்ச நேரம் காகிதம் சரசரத்தது.

“ஆங்கில ‘வி’ எழுத்து மாதிரி தெரியுது.”

“அதேதான். காப்பு பண்ற வேலையும் அதுதான். கீழ போறத எல்லாம் மேல மடிச்சுருது. கணக்குல சொல்லணும்னா, நாள x-னு வச்சுக்கிட்டா, நாளுக்கு ஒண்ணு வீதம் எறங்கி நாலாம் நாள் பூஜ்யத்தத் தொடுற கோடு 4 − x. அத மடிச்சா |4 − x|. அந்த ரெண்டு செங்குத்துக் கோட்ட எடுத்துட்டு எழுதணும்னா ஒரே வரியில எழுத முடியாது. ரெண்டு துண்டாத்தான் எழுதணும். நாலாம் நாள் வரைக்கும் உள்ளது உள்ளபடி 4 − x. நாலாம் நாளுக்கு அப்புறம் அதையே மைனஸ் போட்டுத் திருப்பி x − 4.”

“மைனஸ் போட்டா மைனஸ் ஆயிராதா சார்? நான் பள்ளிக்கூடத்துலயே இதுலதான் முட்டிக்கிட்டு நின்னேன்.”

“எல்லாரும் நிக்க எடம்தான் அது. ஏற்கெனவே மைனஸ்ல கெடக்குறதுக்கு இன்னொரு மைனஸ் போட்டா அது மேல வந்துரும். உங்க பில்டிங்ல பேஸ்மெண்ட் இருக்கா?”

“மூணு இருக்கு. கார் நிறுத்த.”

“மூணாவது பேஸ்மெண்ட்ல நிக்க காரும் மூணாவது மாடியில நிக்க ஆளும் ரோட்டுல இருந்து மூணு மாடி தூரம். ரோட்டுல நிக்கவன்கிட்ட எவ்வளவு தூரம்னு கேட்டா ரெண்டுக்கும் ஒரே பதில்தான் சொல்லுவான். மேலயா கீழயான்னு கேட்டாத்தான் வித்தியாசம் தெரியும். நம்ம காப்பு ரோட்டுல நிக்கு. அதுகிட்ட ரெண்டாவது கேள்விய யாரும் கேக்கக்கூடாதுன்னு சட்டம்.”

அவள் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது.

“சார், அப்போ எங்கப்பா கோட்டுல முனை வந்த எடத்துல எல்லாம்…”

இந்த இடத்தில் நன்றி சொல்லி வைத்திருக்க வேண்டும் என்பது கோமதிநாயகத்துக்குத் தெரியும். ஆனால் கம்பெனி குறியை அனுப்பக்கூடாது என்றுதான் சட்டம் சொன்னது. கணக்கு விளக்கக்கூடாது என்று எங்கேயும் சொல்லவில்லை. அப்படித்தான் அவன் தனக்குச் சொல்லிக்கொண்டான்.

“பக்கம் மாறியிருக்காரு.”

“ஏன், சந்தோஷம் கொறஞ்சு கொறஞ்சு வந்து, மறுபடி கூடியிருக்கக் கூடாதா?”

“கூடலாம். ஆனா திரும்புறதுக்கு முன்னாடி வேகம் கொறையும். பஸ் ஸ்டாண்டுக்குள்ள பஸ் திரும்புறத பாத்திருப்பீங்களே, அது மாதிரி. அப்போ கோட்டோட அடி கிண்ணம் மாதிரி உருண்டையா இருக்கும். வந்த வேகம் கொஞ்சங்கூடக் கொறையாம அப்படியே மேல போகுதுன்னா, அது திரும்பல மேடம். நேராத்தான் போயிருக்கு. நாமதான் பேப்பர மடிச்சு வச்சிருக்கோம்.”

சந்தியாகுவின் கோட்டை அவன் தன் திரையிலும் திறந்தான். ஜனவரியிலிருந்து நான்கு முனைகள். பிப்ரவரிக் கடைசியில் அடுத்தடுத்து இரண்டு, மே மாதத்தின் தொடக்கத்தில் ஒன்று, நடுவில் ஒன்று. நான்கு முனைகள் என்றால் ஐந்து துண்டுகள். ஒவ்வொரு முனையிலும் குறி மாறும் என்பதால் துண்டுகள் மாறி மாறி மேலும் கீழுமாக இருக்க வேண்டும். மடித்ததை விரித்துவிடலாம். ஆனால் ஒரு சிக்கல்.

“முதல் துண்டு மேலயா கீழயான்னு கோடு சொல்லாது. அதனால ரெண்டு விடை வரும். ஒண்ணு இன்னொண்ணோட தலைகீழ். உங்களுக்கு நிச்சயமாத் தெரிஞ்ச ஒரே ஒரு நாள் போதும். அன்னைக்கு அப்பா எந்தப் பக்கம் இருந்தாருன்னு தெரிஞ்சா, மீதி எல்லாம் தானா விழுந்துரும்.”

அவள் யோசிக்கவேயில்லை.

“மே மாசம் ரெண்டு வாரம் நான் அங்க இருந்தேன் சார். அம்மா செத்தப்புறம் மொத தடவ. அப்பாவ ஒரு வேலையும் பாக்க விடாம, குழந்த மாதிரி வச்சுப் பாத்துக்கிட்டேன்.”

மே மாதத் துண்டில்தான் அந்த வருடத்தின் உயரமான மேடு இருந்தது. எட்டு. கோமதிநாயகம் அதற்கு பிளஸ் போட்டான். ஒரு புதிர் சட்டென்று பிடிபடும்போது வரும் சுகம் அவனுக்கு எப்போதுமே கொஞ்சம் அதிகம். மற்ற துண்டுகளைக் குறித்துக்கொண்டு போனான். மே மாதத்துக்கு முன்னால் மைனஸ். மே மாதத்துக்குப் பின்னால் இன்று வரை மைனஸ். ஜனவரியும் மைனஸ். பிப்ரவரிக் கடைசியில் அந்தச் சின்னத் துண்டு மட்டும் பிளஸ்.

“பிப்ரவரிக் கடைசி அம்மா நினைவு நாளுல்லா?” என்றாள் அவள். “அதுல எப்படி பிளஸ் வரும்?”

அவன் அந்தத் துண்டைப் பெரிதாக்கிப் பார்த்தான்.

“அன்னைக்கு வீட்டுக்கு யாரும் வந்தாங்களா?”

“பூசை வைக்கச் சொல்லியிருந்தேன். சொந்தக்காரங்க எல்லாம் வந்திருந்தாங்களாம்.” அவளே முடித்தாள். “ஆளுகளப் பாத்து மனசு தேறியிருப்பாங்க. பாவம், ஆள் பேச்சுக்கு அவ்வளவு ஏங்கியிருக்காங்க.”

“இருக்கும்.”

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. “வருசம் முழுக்க அழுதுக்கிட்டு இருந்திருக்காங்க சார். நான் போன் பண்ணும்போதெல்லாம் ‘நல்லாருக்கேன் பிள்ள’ன்னு ஒரே பாட்டு. ஆறு, ஏழுன்னு எண்ணு வந்தா நானும் சந்தோஷமா இருக்காங்கன்னு விட்டுட்டேன். இங்க ரெண்டு ரூம் வீடு. ஆஸ்பத்திரியில எனக்கு மாத்தி மாத்தி ஷிஃப்ட். எங்க படுக்க வைக்கப் போறேன்னு தெரியல. ஆனாலும் இதத் தெரிஞ்சப்புறம் எப்படி விட்டுவைக்க? கூட்டிட்டு வந்துருதேன்.”

போனை வைத்தபின் கோமதிநாயகம் கேண்டீனுக்குப் போய் டீ குடித்தான். ஒரு மகளுக்கு அப்பாவைத் திறந்து காட்டிய திருப்தி அவனுக்கு இருந்தது.

அக்டோபரில் அந்தப் பெயர் மறுபடி வந்தது. சந்தியாகுவுக்கு விசா கிடைத்துவிட்டது. வீட்டைக் காலி செய்துகொண்டிருந்தார். நாட்டை விட்டுப் போகும் ஆளின் காப்பைக் கம்பெனி ஆள் நேரில் போய்க் கழற்ற வேண்டும். கழற்றுவதற்கு முன் கொஞ்ச நேரம் சோதனைக் கருவியோடு இணைத்து, எண் சரியாக ஓடுகிறதா என்று பார்த்து, முத்திரை வைக்க வேண்டும். இன்னொருவர் போக வேண்டிய வேலை. கோமதிநாயகம் கேட்டு வாங்கிக்கொண்டான்.

தூத்துக்குடியில் பஸ் இறங்கி அவன் வீட்டைக் கண்டுபிடித்தபோது சாயங்காலம் ஆகியிருந்தது. மாடி வீடு. கூடத்தில் நாற்காலிகூட இல்லை. அட்டைப் பெட்டிகள்தான் இருந்தன. சந்தியாகு பருத்த உடம்பு, நரைத்த மீசை, இடுப்பில் கைலி, தோளில் துண்டு.

“வாங்க தம்பி. சோபாவ நேத்துதான் தூக்கிட்டுப் போனாவ. பெட்டி மேல உக்காருங்க, தாங்கும். காப்பக் கழட்டணும், அவ்வளவுதான?”

“கொஞ்ச நேரம் எண்ண ஓடவிட்டுப் பாக்கணும் சார். நீங்க உங்க வேலையப் பாருங்க.”

“அப்போ சமையக்கட்டுக்கு வாங்க. சாள மீன் வாங்கி வச்சிருக்கேன். நேரமாச்சுன்னா அது கோவிச்சுக்கும்.”

அடுப்படியில் மட்டும் எதுவும் கட்டப்படவில்லை. மசாலா டப்பாக்கள் வரிசையாக இருந்தன. மண்சட்டி அடுப்பில் இருந்தது. கீழ்வீட்டில் குடியிருக்கும் செல்லச்சாமி, துறைமுகத்தில் கிரேன் மெக்கானிக், ஒரு தட்டைக் கையில் வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தான்.

“சார், இவருக்கு விசா குடுத்த ஆபீசுக்கு ஒரு புகார் எழுதணும். எங்க எழுதணும்?” என்றான் செல்லச்சாமி. “மூணு வருசமா ராத்திரிச் சாப்பாடு இங்கதான். இனிமே நான் கட சால்னாவுக்குப் போகணும்.”

“நீ கல்யாணத்தப் பண்ணு. எங்கிட்ட ஏன் அழுத?” என்றார் சந்தியாகு.

கோமதிநாயகம் கூடத்திலிருந்து ஒரு பெட்டியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சோதனைக் கருவியைக் காப்போடு இணைத்தான். எண் நான்கில் நின்றது. பெரியவர் எண்ணெய் ஊற்றினார். வெந்தயம் பொரிந்தது. கறிவேப்பிலையைக் கிள்ளிப் போட்டார். எண் மூன்றானது, இரண்டானது, ஒன்றானது. பூஜ்யத்தைத் தொட்ட அதே கணத்தில், கொஞ்சமும் தயங்காமல், வந்த சாய்விலேயே மேலே ஏறியது. திரையில் ஒரு கூர்முனை விழுந்தது. பக்கம் மாறிவிட்டார்.

புளியைக் கரைத்து ஊற்றி, கொதி வந்ததும் கரண்டியில் கொஞ்சம் எடுத்து உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டார். எண் ஆறைத் தாண்டியது.

“உப்பு ஒரு கல்லு கூடிப் போச்சு பெரியவரே, வாசனையிலயே தெரியுது,” என்றான் செல்லச்சாமி.

“வாசனையில உப்பு தெரியுமா ஒனக்கு? பேசாம இருலே.” பெரியவர் சிரித்துக்கொண்டே மீன் துண்டுகளை ஒவ்வொன்றாகச் சட்டிக்குள் இறக்கினார். வாய்க்குள் ஏதோ பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. எண் ஏழு.

ஆகஸ்டுக்குப் பிறகு விழுந்த முனைகளையும் எண்ணிக்கொண்டுதான் வந்திருந்தான்; அன்று குறித்த கணக்கின்படி, இது மைனஸ் ஏழாக இருக்க வேண்டும். இப்போது பக்கம் மாறுவதற்கு முன்னால் இருந்த நான்குதான் பிளஸ். கோமதிநாயகம் கருவியைப் பார்த்தான். மறுபடி அவர் முகத்தைப் பார்த்தான். அந்த முகத்துக்கு மைனஸ் போட அவனால் முடியவில்லை.

“மே மாசம் மக வந்திருந்தாங்களாமே சார்,” என்றான் மெதுவாக.

“ஆமா. நல்ல பிள்ள. வந்த அன்னைக்கே சமையலுக்கு ஒரு அம்மாவ வச்சுட்டா. ‘ஒங்கள ஒரு துரும்பத் தூக்க விடமாட்டேன்பா’ன்னுட்டா. எந்திரிச்சா, எங்க போறியன்னு பின்னாலயே வருவா. ரெண்டு வாரம் சோபாவுல உக்காந்து டிவியப் பாத்தேன்.”

“செத்த மீன் மாதிரி இருந்துச்சு சார் மொகம்,” என்றான் செல்லச்சாமி. “பிள்ள ஊருக்குப் போன மறுநா இந்த மனுசன் எறா வாங்கப் போன வேகத்த நீங்க பாக்கணும்.”

பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்த கோமதிநாயகத்துக்கு ஐந்து துண்டுகளும் ஒன்றன்பின் ஒன்றாகத் தலைகீழாவது தெரிந்தது. மே மாதம் மைனஸ். அதற்கு முன்னும் பின்னும் வருடம் முழுக்க பிளஸ். மனைவியின் நினைவு நாள் மைனஸ், அது அப்படித்தானே இருக்க முடியும். கணக்கில் எந்த வரியும் தவறில்லை. நிச்சயமாகத் தெரியும் என்று பிடித்த ஒரே நாள்தான் தவறு. அது தவறு என்று சொல்ல, நினைவு நாளைப் பற்றிய சின்னச் சந்தேகம் ஒன்று கண் முன்னால் வந்து நின்றபோது, இரண்டு பேருமாகச் சேர்ந்து அதற்கு ஒரு காரணம் கண்டுபிடித்து உட்கார வைத்துவிட்டார்கள்.

“வீடு, அடுப்பு, இதெல்லாம் விட்டுட்டுப் போக உங்களுக்கு…” என்று இழுத்தான்.

சந்தியாகு தீயைத் தணித்தார். செல்லச்சாமியிடம் கீழே போய் எலுமிச்சம்பழம் எடுத்து வரச் சொன்னார். அவன் படி இறங்கும் சத்தம் ஓயும்வரை பேசவில்லை.

“கிரேஸி இருந்த வரைக்கும் நான் ஒரு காப்பி போட்டதில்ல தம்பி. அவ போனப்புறம் பசிக்கு ஆரம்பிச்சது இது. இப்ப காலையில எந்திரிக்கும்போதே இன்னைக்கு என்ன மீனுன்னுதான் நெனப்பு ஓடுது. அவ இல்லாத வீட்டுல, அவ சட்டியில, நான் சந்தோஷமா இருக்கேன். இத எப்படித் தம்பி பெத்த பிள்ளைகிட்ட சொல்ல? அவ அம்மாவ நெனச்சு இன்னும் அழுதா.”

“வரலன்னு மட்டும் சொல்லலாமே. காரணம் சொல்ல வேண்டாம்.”

“ஆசப்படுதா. இந்தா, நீங்களே பாருங்க.”

தன் போனை எடுத்து நீட்டினார். ஜெசிந்தாவின் கோடு. இரண்டிலும் மூன்றிலுமாகக் கிடந்தது, திடீரென்று ஏறி எட்டில் நின்றிருந்தது. நாலைந்து நாளாக எட்டை விட்டு இறங்கவேயில்லை.

“எம்பிள்ள இவ்வளவு சந்தோஷமா இருந்து நான் பாத்ததில்ல. இதக் கெடுக்கணுமா? ஒரு வயசுக்கு மேல எங்க இருந்தா என்ன.”

கோமதிநாயகம் கோட்டைப் பெரிதாக்கிப் பார்த்தான். எட்டுக்கு ஏறுவதற்கு முன்னால் கோடு ஒரு தடவை கீழே இறங்கி, பூஜ்யத்தைத் தொட்டு, அங்கே ஒரு முனை விட்டிருந்தது. ஊசி முனை மாதிரி சுத்தமான முனை.

“இது என்னைக்கு சார்?”

“அதுவா? விசா வந்துட்டுன்னு எனக்குச் சொன்னால்லா, அன்னைக்கு.”

ஆகஸ்டில் இருந்த கோமதிநாயகமாக இருந்தால், இந்நேரம் காகிதம் கேட்டிருப்பான். இரண்டு ரூம் வீடு, மாறி மாறி ஷிஃப்ட், எங்கே படுக்க வைப்பது என்று அவள் சொன்னதெல்லாம் அவனுக்கு நினைவு இருந்தது. பிளஸ், மைனஸ் போட்டு விரித்துக் காட்டுவது அவனுக்கு ஒரு நிமிட வேலை. அவன் விரிக்கவில்லை.

“இந்த முனை வந்த எடத்துல பிள்ள பக்கம் மாறியிருக்காங்க,” என்றான். “அவ்வளவுதான் இந்தக் கோடு சொல்லும். எந்தப் பக்கத்துல இருந்து எந்தப் பக்கத்துக்குன்னு சொல்லாது. பாக்கறவங்க அவங்க அவங்க நெனப்புல ஒண்ணு போட்டுக்கிடுவாங்க. நானும் ஒருக்கப் போட்டேன் சார். உங்க கோட்டுக்குத்தான். தப்பாப் போட்டேன். அத நம்பித்தான் அவங்க விசாவுக்கே எழுதினாங்க.”

சந்தியாகு கோபப்படுவார் என்று எதிர்பார்த்தான். அவர் போனைத்தான் மறுபடி பார்த்தார்.

“படகுல கயிறு விறைச்சுக்கிட்டு நிக்கும் தம்பி,” என்றார். “நாம கப்பல இழுத்தாலும் விறைக்கும். கப்பல் நம்மள இழுத்துக்கிட்டுப் போனாலும் விறைக்கும். கயிறப் பாத்தா ரெண்டும் ஒண்ணுதான். கப்பல்காரன்கிட்ட ஒரு வார்த்த கேட்டாத்தான் தெரியும்.”

“கேக்குறதுக்கு எந்தச் சட்டமும் தடை இல்ல சார்.”

துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு, அவர் அங்கேயே நின்று மகளை அழைத்தார். ஹாலிஃபாக்ஸில் காலை நேரம். இரண்டாவது மணியிலேயே எடுத்தாள். ஒலிபெருக்கியை அணைக்க அவருக்குத் தோன்றவில்லை.

“என்னப்பா, காப்பக் கழட்ட ஆள் வந்தாச்சா? மாத்திரை எல்லாம் தனியா எடுத்து வச்சியளா?”

“எல்லாம் ஆச்சு. ஏட்டி ஜெசி, ஒண்ணு கேக்கேன், மழுப்பாமச் சொல்லணும். நான் அங்கன வாரது ஒனக்கு சந்தோஷமா இருக்கா, பயமா இருக்கா?”

கோமதிநாயகத்தின் கையில் இருந்த கருவியில் பெரியவரின் எண் இறங்கத் தொடங்கியது. ஐந்து, நான்கு, மூன்று. படியேறி வந்த செல்லச்சாமி எலுமிச்சம்பழத்தோடு வாசலிலேயே நின்றுவிட்டான்.

“ஏம்பா இப்படிக் கேக்கிய?” என்றாள் கடைசியில். குரல் மெலிந்திருந்தது. “மொதல்ல நீங்க சொல்லுங்க. ஒங்களுக்கு?”

சட்டியில் குழம்பு சளசளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. எண்ணெய் பிரிந்து ஓரத்தில் மினுங்கியது. சந்தியாகு அதைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“நான் இங்கன மீன் கொழம்பு வச்சுக்கிட்டு இருக்கேன் பிள்ள.”

“நீங்களா?”

“நான்தான். மூணு வருசமா நான்தான்.”

கோமதிநாயகம் கருவியைக் கவிழ்த்து வைத்தான். கோடு அடியில் முனை விட்டதா, கிண்ணமாக வளைந்து திரும்பியதா என்று அவன் பார்க்கவில்லை. வைக்காத முத்திரையைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தான்.

போனிலிருந்து ஒரு சத்தம் வந்தது. ஜெசிந்தா அழுகிறாளா சிரிக்கிறாளா என்று அவனுக்குத் தெரியவில்லை. பெரிய சத்தம் என்பது மட்டும் தெரிந்தது. சந்தியாகுவுக்கு அது தெரிந்துவிட்டது போலிருந்தது. போனைக் காதோடு சேர்த்து வைத்துக்கொண்டு, மற்றக் கையால் அடுப்பை அணைத்துவிட்டு, “சரி பிள்ள, சரி,” என்று சொல்லிக்கொண்டேயிருந்தார்.